விமான நிறுவன மெக்கானிக்கின் பணிகளும் தகுதிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமான நிறுவனத்தில் மெக்கானிக்கின் வேலை என்ன?

பயணிகளை ஏற்றிச் செல்லும் விமானம் பறக்கத் தகுந்த நிலையில் இருக்கிறதா என்று சோதிப்பது, பழுது கண்டால் நீக்குவது, தேய்ந்த பாகங்களையும் ஆயுட்காலம் முடிந்த பாகங்களையும் மாற்றுவது, செய்த வேலை ஒவ்வொன்றையும் பதிவு செய்வது ஆகிய அனைத்தும் இந்தப் பணியில் அடங்கும். ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவருமாகக் கழியும் வேலை என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் கைவேலைக்கு நிகராகப் படிக்கும் வேலையும் எழுதும் வேலையும் உண்டு. ஒரு வால்வை மாற்ற அரை மணி நேரம் ஆகிறது என்றால், அதற்குரிய கையேட்டுப் பகுதியைத் தேடிப் படிப்பதற்கும், பாக எண்ணைச் சரிபார்ப்பதற்கும், மாற்றிய பிறகு சோதனை ஓட்டம் நடத்திப் பதிவேட்டை நிரப்புவதற்கும் அதைவிடக் கூடுதல் நேரம் ஆகலாம்.

ஒரு விமானம் தரையிறங்கி அடுத்த பயணத்துக்குப் புறப்படும் இடைவேளையில் அவர் எதையெல்லாம் பார்க்கிறார்?

இதற்கு லைன் பராமரிப்பு என்று பெயர். மெக்கானிக் விமானத்தைச் சுற்றி நடந்து வெளிப்புறத்தைச் சோதிக்கிறார். எஞ்சின் முகப்பில் உள்ள விசிறித் தகடுகளில் கல்லோ பறவையோ பட்ட வடு இருக்கிறதா, டயர்கள் வெட்டுப்படாமல் இருக்கின்றனவா, பிரேக்கின் தேய்மானத்தைக் காட்டும் ஊசி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, சக்கரத் தூணின் பளபளப்பான பகுதி போதிய அளவு வெளியே தெரிகிறதா, எரிபொருளோ ஹைட்ராலிக் திரவமோ எங்கேனும் கசிகிறதா, மின்னல் தாக்கிய கருந்தடம் உண்டா என்று வரிசையாகப் பார்க்க வேண்டியவை பல. வேகத்தையும் உயரத்தையும் கணிக்க உதவும் காற்றழுத்தத் துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்பதும் அவற்றுள் ஒன்று. 1996 அக்டோபர் 2 அன்று லிமாவிலிருந்து கிளம்பிய ஏரோபெரு விமானத்தில், கழுவும்போது அந்தத் துளைகளை மூடிய ஒட்டுநாடா அகற்றப்படாமல் விடப்பட்டிருந்தது. இருளில் கடலுக்கு மேல் பறந்த விமானிகளுக்கு உயரமும் வேகமும் தவறாகவே காட்டப்பட்டன; விமானத்தில் இருந்த 70 பேரும் இறந்தனர்.

எஞ்சின் எண்ணெயின் அளவைப் பார்ப்பதற்கும் முறை உண்டு. எஞ்சினை நிறுத்தியபின் உற்பத்தியாளர் குறித்துள்ள கால இடைவெளிக்குள் பார்த்தால்தான் அளவு சரியாகத் தெரியும். தாமதித்துப் பார்த்தால் குறைவாகக் காட்டக்கூடும். அதை நம்பி எண்ணெயை ஊற்றினால் மிகையாகிவிடும்.

இவற்றோடு, விமானி தொழில்நுட்பப் பதிவேட்டில் எழுதிவைத்த குறைகளுக்கும் அவர் விடை காண வேண்டும். புறப்படும் நேரம் நெருங்கிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்வதுதான் லைன் பராமரிப்பின் கடினமான பகுதி.

சில பழுதுகளோடு விமானம் பறக்க அனுமதி உண்டா?

உண்டு. பயணிகள் இதைக் கேட்டு அதிர்ச்சியடைவதுண்டு. ஆனால் இது ஒளித்துச் செய்யப்படும் காரியமன்று. ஒவ்வொரு விமான வகைக்கும், எந்தெந்தக் கருவி செயலிழந்திருந்தாலும் பறக்கலாம், அதற்கு என்ன நிபந்தனை என்பதைச் சொல்லும் குறைந்தபட்சக் கருவிப் பட்டியல் ஒன்று ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதலோடு வைக்கப்பட்டிருக்கிறது. வழக்குமொழியில் இதை எம்இஎல் என்பார்கள். முக்கியக் கருவிகளுக்கு மாற்றுக் கருவிகள் விமானத்திலேயே இருப்பதால் இது சாத்தியமாகிறது.

பழுதை எத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்பதும் அந்தப் பட்டியலிலேயே வரையறுக்கப்பட்டிருக்கும். பி பிரிவுக்கு 3 நாள், சி பிரிவுக்கு 10 நாள், டி பிரிவுக்கு 120 நாள். பழுது கண்டறியப்பட்ட நாள் கணக்கில் சேராது. ஏ பிரிவுக்குப் பொதுவான கெடு கிடையாது. அந்தந்தக் கருவிக்கு நேரே எழுதப்பட்டிருப்பதே கெடு. பறக்கும் தகுதியோடு தொடர்புடைய, ஆனால் பட்டியலில் இடம்பெறாத கருவி பழுதானால் தள்ளிப்போடும் பேச்சுக்கே இடமில்லை. இறக்கையும் சக்கரமும் பட்டியலில் இல்லாததால் அவற்றைப் பற்றிய விதி எதுவும் இல்லை என்று பொருள்கொள்ளக் கூடாது. அவை எப்போதும் வேலை செய்தாக வேண்டியவை.

மெக்கானிக் இங்கே செய்வது வெறும் அனுமதி அன்று. செயலிழந்த கருவியின் மின் இணைப்பைத் துண்டித்து, விமானி அறையில் அறிவிப்பு ஒட்டி, தேவையான பாதுகாப்பு வேலைகளை முடித்து, பதிவேட்டில் பட்டியல் எண்ணோடு எழுதிக் கையொப்பமிடுகிறார்.

ஹேங்கரில் நடக்கும் பெரிய சோதனைகள் எப்படிப்பட்டவை?

ஹேங்கர் என்பது விமானத்தை நிறுத்திப் பராமரிக்கும் பெரிய கொட்டகை. அங்கே நடக்கும் சோதனைகளை மரபாக ஏ, சி, டி என்று எழுத்துகளால் குறிப்பிடுகிறார்கள். ஏ சோதனை சில நூறு பறப்பு மணிகளுக்கு ஒருமுறை வரும். பெரும்பாலும் ஓர் இரவிலேயே முடிந்துவிடும். சி சோதனை ஏறத்தாழ ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும்; விமானம் நாள்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில் ஹேங்கரிலேயே நிற்கும். டி சோதனையில் இருக்கைகள், உட்புறப் பலகைகள், தரைத்தகடுகள் யாவும் கழற்றப்பட்டு, உலோகச் சட்டகம் வெளியே தெரியும்படி ஆக்கி, துருவும் விரிசலும் தேடப்படும். இன்றைய விமானங்களில் இந்த எழுத்துகளைப் பெயரளவில் வைத்துக்கொண்டு, வேலைகளைச் சிறு தொகுதிகளாகப் பிரித்துச் செய்யும் முறை பரவியுள்ளது.

கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காண ஊடுருவும் சாயம், காந்தத் துகள், சுழல் மின்னோட்டம், மீயொலி, எக்ஸ்ரே ஆகிய முறைகள் பயன்படுகின்றன. இவற்றுக்குத் தனிப் பயிற்சியும் தனிச் சான்றும் தேவை. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 விமானம் பறந்துகொண்டிருக்கையில் அதன் மேற்கூரையின் ஒரு பெரிய பகுதி பிய்ந்து போனது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இணைப்புகளில் ஒட்டுப்பொருள் விட்டுப்போய், துருவும், திரும்பத் திரும்ப அழுத்தத்துக்கு உள்ளாகும் உலோகத்தில் உண்டாகும் களைப்பு விரிசலும் சேர்ந்து வளர்ந்திருந்தன. அந்த விமானம் ஏறத்தாழ 90,000 முறை ஏறி இறங்கியிருந்தது. வயதான விமானங்களின் சட்டகத்தைச் சோதிக்கும் விதிகள் அதன்பின் கடுமையாக்கப்பட்டன.

அனுபவம் மிக்க மெக்கானிக்கும் ஒவ்வொரு முறையும் கையேட்டைப் பார்க்க வேண்டுமா?

ஆம். இந்தத் தொழிலில் வேறு எந்தக் கேள்விக்கும் இவ்வளவு திட்டமாகப் பதில் சொல்ல இயலாது. பராமரிப்புக் கையேடு, பாகங்களின் படப்பட்டியல், பழுதறியும் கையேடு, சட்டகப் பழுதுநீக்கக் கையேடு, மின்சுற்று வரைபடங்கள் என ஒவ்வொன்றும் அடிக்கடி திருத்தப்படுகின்றன. நேற்றுவரை சரியாக இருந்த முறுக்குவிசை அளவு இன்று மாறியிருக்கலாம். அதனால் மனப்பாடமாகத் தெரிந்த வேலைக்கும் நடப்புப் பதிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு செய்வதே விதி.

இதன் காரணத்தை 1990 ஜூன் 10 அன்று நடந்த நிகழ்வு விளக்குகிறது. பர்மிங்காமிலிருந்து மலகாவுக்குச் சென்ற பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 17,000 அடிக்கு மேல் ஏறியபோது, தலைமை விமானிக்கு முன்னால் இருந்த கண்ணாடி பெயர்ந்து வெளியே பறந்தது. தலைமை விமானியின் உடல் பாதி வெளியே இழுக்கப்பட்டது; பணியாளர்கள் அவரது கால்களைப் பற்றிக்கொண்டிருக்க, துணை விமானி சவுதாம்ப்டனில் பத்திரமாகத் தரையிறக்கினார். விமானியும் உயிர் பிழைத்தார். அந்தக் கண்ணாடி அதற்கு முந்தைய நாள் அதிகாலை, இரவுப் பணியின்போதுதான் மாற்றப்பட்டிருந்தது. ஆள் பற்றாக்குறையால் பணிநேர மேலாளரே அந்த வேலையைச் செய்தார். கழற்றிய போல்ட்டைக் கையில் எடுத்துப் போய், பாகப்பட்டியலைப் பார்க்காமல், மங்கிய வெளிச்சத்தில் கண்ணளவில் ஒப்பிட்டுப் புதியவற்றை எடுத்துவந்தார். மொத்தம் 90 போல்ட்டுகளில் 84 விட்டத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகச் சிறியவை. எஞ்சிய 6 நீளம் குறைந்தவை. கழற்றிய பழைய போல்ட்டுகளும் பட்டியல்படி சரியானவை அல்ல என்பது பின்னர் தெரியவந்தது. ஆகவே கண்ணளவு துல்லியமாகவே இருந்திருந்தாலும் தவறான போல்ட்டே பொருத்தப்பட்டிருக்கும். அவர் கவனமற்ற தொழிலாளி என்று ஒதுக்கிவிட முடியாது. தன் கைப்பழக்கத்தை நம்பிய மூத்த பணியாளர் அவர், அதனால்தான் இந்த நிகழ்வை இன்றும் பயிற்சி வகுப்புகளில் பாடமாக வைத்திருக்கிறார்கள்.

கையேட்டில் வழி சொல்லப்படாத சேதம் ஏற்பட்டால்?

மெக்கானிக் தாமாக ஒரு வழியை வகுத்துக்கொள்ள முடியாது. சேதத்தை அளந்து படமெடுத்து நிறுவனத்தின் பொறியியல் பிரிவுக்கு அனுப்ப, அது உற்பத்தியாளரிடம் அல்லது வடிவமைப்பு அங்கீகாரம் பெற்றவரிடம் ஒப்புதல் பெற்ற வரைபடத்தைத் தருவிக்கும். வந்த வரைபடத்தைச் சொன்னபடி நிறைவேற்றுவதும் அவ்வளவே முக்கியம். 1985 ஆகஸ்ட் 12 அன்று ஜப்பான் ஏர்லைன்ஸ் 123 விபத்தில் 520 பேர் இறந்தனர். ஏழு ஆண்டுகளுக்கு முன், பயணிகள் பகுதியின் காற்றழுத்தத்தைத் தாங்கும் பின்புறத் தடுப்புச்சுவரைப் பழுதுநீக்கியபோது, ஒரே இணைப்புத் தகடாகப் பொருத்த வேண்டியதை இரண்டாக வெட்டிப் பொருத்தியதால், சுமையைத் தாங்க வேண்டிய ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) வரிசைகளில் ஒன்று மட்டுமே பயன்பட்டது என்று விசாரணை கண்டது.

கையொப்பம் இடுவதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

பராமரிப்பு முடிந்தபின் அதற்குரிய அதிகாரம் பெற்றவர் சேவைக்கு விடுவிக்கும் சான்றில் கையொப்பமிட்டால்தான் விமானம் சட்டப்படி பறக்க முடியும். குறிப்பிட்ட வேலை, குறிப்பிட்ட ஆவணத்தின்படி, சரியான பாகங்களோடும் கருவிகளோடும் செய்யப்பட்டது என்பதற்குத் தாமே பொறுப்பு என்று அவர் அந்தக் கையொப்பத்தால் உறுதி சொல்கிறார். தாம் பார்க்காத வேலைக்குக் கையொப்பமிடுவது குற்றம். உரிமம் பறிபோகும், வழக்கும் வரலாம். மேலதிகாரி வற்புறுத்தினாலும் திருப்தி இல்லாதபோது கையொப்பமிட மறுப்பது அவரது உரிமை மட்டுமன்று, கடமையும்கூட. இந்தத் தொழிலுக்கு வருபவரிடம் எல்லாவற்றுக்கும் முன்பாக எதிர்பார்க்க வேண்டியது இந்த மறுக்கும் துணிவுதான் என்று நான் கருதுகிறேன். ரிவெட் அடிக்கும் நேர்த்தி பயிற்சியில் வந்துவிடும்.

விமானத்தின் கட்டுப்பாட்டு அமைப்புகள் போன்ற முக்கியப் பகுதிகளில் ஒருவரின் கண் போதாது. அங்கே வேலையைச் செய்தவரைத் தவிர்த்து வேறொருவர் தனியாகச் சோதித்துக் கையொப்பமிட வேண்டும்.

இந்தப் பணிக்குச் சேரக் குறைந்தபட்சக் கல்வியும் வயதும் என்ன?

பன்னாட்டு விமானப் போக்குவரத்துக்கான 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின் முதலாம் இணைப்பு, பராமரிப்பு உரிமத்துக்குக் குறைந்த வயதை 18 என்றும், தேவையான அனுபவத்தை 4 ஆண்டு என்றும், அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியை முடித்திருந்தால் 2 ஆண்டு என்றும் வகுத்துள்ளது. நாடுகள் தங்கள் விதிகளை இதன்மேல் அமைத்துக்கொள்கின்றன. பள்ளி மேல்நிலையில் இயற்பியலும் கணிதமும் படித்திருப்பது எங்கும் உதவும். சில நாடுகளில் அது கட்டாயம். கையேடுகள் எழுதப்பட்ட மொழியைப் படித்துப் புரிந்துகொள்ளவும் அதில் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் அது ஆங்கிலம். பட்டப்படிப்பு கட்டாயமில்லை. விமானப் பொறியியலில் பட்டம் பெற்றவர்கூட உரிமத் தேர்வுகளை எழுதாமல் விமானத்தை விடுவிக்க முடியாது என்பதைப் பலர் படித்து முடித்த பிறகே அறிகிறார்கள்.

அமெரிக்க முறையில் உரிமம் பெறும் வழி என்ன?

அங்கே விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் எஃப்ஏஏ அமைப்பு சட்டகம், எஞ்சின் என இரண்டு தகுதிகளை வழங்குகிறது. விமான நிறுவனங்கள் பெரும்பாலும் இரண்டையும் எதிர்பார்க்கின்றன. அங்கீகரிக்கப்பட்ட பள்ளியில் படித்து முடிக்கலாம், அல்லது ஒரு தகுதிக்கு 18 மாத, இரண்டுக்கும் சேர்த்து 30 மாத நடைமுறை அனுபவத்தைச் சான்றோடு காட்டலாம். பொதுப்பாடம், சட்டகம், எஞ்சின் ஆகிய மூன்று எழுத்துத் தேர்வுகளில் 70 சதவீதம் பெற வேண்டும். பின்னர் வாய்மொழித் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு. இவை அனைத்தையும் 24 மாதத்துக்குள் முடிக்க வேண்டும்.

ஐரோப்பிய முறை எந்த வகையில் மாறுபடுகிறது?

ஐரோப்பிய ஒன்றியத்தின் விமானப் பாதுகாப்பு அமைப்பான ஈயாசா பின்பற்றும் 66-ஆம் பகுதி விதிகள் உரிமத்தைப் பல பிரிவுகளாக வகுக்கின்றன. இந்தியா உட்பட வேறு பல நாடுகளும் தங்கள் விதிகளை இதே அமைப்பில் எழுதியுள்ளன. ஏ பிரிவு உரிமம் பெற்றவர், சக்கரம் மாற்றுவது போன்ற எளிய லைன் வேலைகளைத் தாமே செய்து, தாம் செய்ததை மட்டும் விடுவிக்கலாம். பி1 பிரிவினர் சட்டகம், எஞ்சின், இயந்திர, மின் அமைப்புகள் ஆகியவற்றைக் கவனிப்பவர்கள். பி2 பிரிவினர் ஏவியானிக்ஸ் எனப்படும் மின்னணுக் கருவிகளுக்கும் மின் அமைப்புகளுக்கும் பொறுப்பானவர்கள். பெரிய விமானத்தின் ஹேங்கர் சோதனை முழுவதும் முடிந்ததும் இறுதியாக விடுவிப்பவர் சி பிரிவு உரிமம் உள்ளவர்.

டர்பைன் எஞ்சின் கொண்ட விமானங்களுக்கான பி1 உரிமமும் பி2 உரிமமும் பெற, பயிற்சி ஏதும் இல்லாதவருக்கு 5 ஆண்டு அனுபவம் தேவை. தொடர்புடைய தொழிலில் தேர்ச்சி பெற்றவருக்கு 3 ஆண்டும், அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் 2,400 மணி நேர அடிப்படைப் பாடத்தை முடித்தவருக்கு 2 ஆண்டும் போதும். கணிதம், இயற்பியல், மின்னியல், உலோகங்களும் பிற பொருட்களும், பராமரிப்பு நடைமுறை, காற்றியக்கவியல், மனிதக் காரணிகள், சட்டம், எஞ்சின் எனப் பகுதி பகுதியாகத் தேர்வு நடக்கும். ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் பெற்றால்தான் தேர்ச்சி. இந்தத் தேர்வுகளை எழுதத் தொடங்கும் பலர் இயற்பியலுக்கே அஞ்சுகிறார்கள். எனினும் சட்டமும் மனிதக் காரணிகளும் எளிது என்று நினைத்து இறுதிக்குத் தள்ளிவைப்பது நல்ல திட்டமல்ல.

உரிமம் கையில் வந்ததும் எந்த விமானத்திலும் வேலை செய்யலாமா?

முடியாது. ஐரோப்பிய முறையில், குறிப்பிட்ட விமான வகைக்கான வகுப்பும் செய்முறைப் பயிற்சியும் முடித்து அந்த வகையை உரிமத்தில் பதிந்தபின், வேலை செய்யும் நிறுவனமும் எழுத்து மூலம் அதிகாரம் அளிக்க வேண்டும். விடுவிக்கும் பணியாளருக்குக் குறைந்தது 21 வயது ஆகியிருக்க வேண்டும். அமெரிக்க முறையில் மெக்கானிக்குக்குத் தனி வகைப்பதிவு இல்லை. ஆனால் முன்பு செய்து பழகாத வேலையை மேற்பார்வையின்றிச் செய்து விடுவிக்க விதி இடம் தராது. இரண்டு முறைகளிலும் பொதுவாக, முந்தைய 24 மாதங்களில் 6 மாதமாவது இத்தொழிலில் ஈடுபட்டிருந்தால்தான் உரிமத்தின் அதிகாரத்தைப் பயன்படுத்தலாம்.

உடல் தகுதி எவ்வளவு தேவை?

விமானிகளுக்கு உள்ளதுபோல் சட்டப்படியான மருத்துவச் சான்று பொதுவாகக் கேட்கப்படுவதில்லை. ஆயினும் கம்பிகளின் நிறம் பிரித்தறியவும் உயரத்தில் நின்று வேலை செய்யவும் முடிய வேண்டும் என்பதால் நிறுவனங்கள் தாமே சோதிக்கின்றன. எரிபொருள் தொட்டிக்குள் நுழையும் வேலை குறுகிய இடத்துக்கு அஞ்சுபவர்களால் இயலாது. அங்கே ஆவியை வெளியேற்றி, காற்றை அளந்து, வெளியே ஒருவர் காவல் இருந்த பிறகே உள்ளே போகலாம். ஹைட்ராலிக் திரவம் தோலையும் கண்ணையும் எரிக்கும். அது பெரும்பாலான விமானங்களில் சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு அழுத்தத்தில் ஓடுகிறது. மழையிலும் வெயிலிலும் திறந்த தளத்தில் நிற்க வேண்டியிருக்கும். விமானங்கள் பெரும்பாலும் பகலில் பறப்பதால் பராமரிப்பின் பெரும்பகுதி இரவில் நடக்கிறது. தூக்கத்தை ஒழுங்குபடுத்திக்கொள்ள இயலாதவர்களுக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிய சோதனை.

மனிதக் காரணிகள் என்ற பாடம் எதற்கு?

களைப்பு, அவசரம், கவனச் சிதறல், தவறான தகவல் பரிமாற்றம் ஆகியவை நல்ல மெக்கானிக்கையும் எப்படித் தவறச் செய்கின்றன என்பதைக் கற்பிக்க. 1993-இல் கனடாவில் கார்டன் டுபோன்ட் தொகுத்த பன்னிரண்டு காரணிகள் இன்றும் பாடத்தில் உள்ளன. பட்டியலைவிட ஓர் உண்மை நிகழ்வே தெளிவாக உணர்த்தும். 2013 மே 24 அன்று லண்டன் ஹீத்ரோவிலிருந்து கிளம்பிய ஏர்பஸ் ஏ319 விமானத்தின் இரு எஞ்சின்களின் மேல்மூடிகளும் ஓடுதளத்திலேயே பிய்ந்து, அதன் ஒரு பக்கத்தில் எரிபொருள் கசிந்து தீப்பற்றியது. முந்தைய இரவு மெக்கானிக்குகள் இருவர் மூடிகளைத் தாழிடாமல் சாய்த்துவைத்து, தேவையான பொருளை எடுத்துவரப் போயிருந்தனர். திரும்பியபோது வேறொரு விமானத்தின் முன்னால் போய் நின்றனர். அங்கே மூடிகள் தாழிடப்பட்டிருந்ததைக் கண்டு, வேறு யாரோ முடித்திருக்க வேண்டும் என்று எண்ணிவிட்டனர். விமானத்தின் பதிவெண்ணை ஏறிட்டுப் பார்த்திருந்தால் போதும்.

வேலையை இடையில் விட்டுப் போகும்போது பதிவேட்டில் குறித்துவைப்பதும், திரும்பியபின் சில படிகள் முன்னாலிருந்து மறுபடி தொடங்குவதும், பணி முடிந்ததும் கருவிப்பெட்டியில் ஒவ்வொரு கருவியும் தன் இடத்தில் இருக்கிறதா என்று எண்ணுவதும் இப்படிப்பட்ட நிகழ்வுகளால் வலுப்பெற்ற பழக்கங்கள். ஒரு ஸ்பேனர் குறைந்தால் அது கிடைக்கும்வரை விமானம் நகராது.

ஒரு நாட்டில் பெற்ற உரிமம் வேறு நாட்டில் செல்லுமா?

தானாகச் செல்லாது. அமெரிக்க உரிமத்தை ஐரோப்பிய உரிமமாக நேரடியாக மாற்றிக்கொள்ள வழியில்லை. அனுபவத்தைக் காட்டித் தேர்வுகளை எழுத வேண்டும். இவை அரசுகளின் ஏற்பாட்டைப் பொறுத்தவை என்பதற்குப் பிரிட்டன் சான்று: ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து அது விலகியதன் விளைவாக, 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டிஷ் உரிமத்தைக் கொண்டு ஒன்றிய நாடுகளின் பதிவு பெற்ற விமானங்களை விடுவிக்க இயலாமல் போனது. விமானம் எந்த நாட்டில் பதிவானதோ அந்த நாட்டின் விதியே பொருந்தும் என்பதால், வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிப்பவர் அந்த நிறுவனத்தின் விமானங்கள் எங்கே பதிவு செய்யப்பட்டுள்ளன என்பதையும், எந்த உரிமம் கேட்கப்படுகிறது என்பதையும் முதலில் விசாரிக்க வேண்டும். பயிற்சிக் காலத்திலிருந்தே செய்த வேலைகளைத் தேதி, விமானப் பதிவெண், மேற்பார்வையாளர் கையொப்பம் ஆகியவற்றோடு அனுபவக் குறிப்பேட்டில் எழுதிவர வேண்டும். ஆண்டுகள் கழித்து இன்னொரு நாட்டு அதிகாரி கேட்கும்போது காட்டக்கூடிய ஆதாரம் அதுவே.